தூக்குவதற்கு ஆள் உண்டா?

(தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் 8:2)



இந்த மாதம் எழுப்புதலைக் குறித்து எழுத வேண்டும் என்று சகோதரர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு சாவு வீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். பாதியில் பக்கத்தைத் திருப்பிவிடாமல் பொறுமையோடு வாசியுங்கள்.

நம் சபையில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்த சகோதரி உண்டு. கல்யாணமாகி துடியலூருக்கு வந்தவர்கள். வியாதியின் நாட்களில் ஆண்டவரை ருசி பார்த்து, ஞானஸ்நானம் பெற்று, இன்றைக்கு உபவாச ஜெபத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். பிறந்த வீடு தலைமுறை தலைமுறையாய் ஆர்.சி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அவர்கள் தாயார் இறந்துபோனார்கள் என்று போன் வந்தது. அந்த அழுகைக்கு நடுவிலே அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாஸ்டர், நான் கோவிலுக்குள்ள போகலாங்களா? அம்மா பூசையில நிக்கலாங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "வெளியே நில்லுங்கம்மா, அதுதான் சாட்சி" என்று சொல்லிவிட்டேன். டிப்ளமோ வாங்கினவன் அல்லவா, பதில் நாக்கிலேயே இருந்தது.

நானும் என் மனைவியும் அவர்களோடு சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போனோம். மறுநாள் சாயங்காலம் அடக்கம். பெட்டி கோவிலுக்குள்ளே போனது. பெற்ற மகள் வாசலில் வேப்பமரத்தடியில் எங்களோடு நின்றார்கள். உள்ளே பாட்டுச் சத்தம் வரும்போதெல்லாம் அவர்கள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காதது போல வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஆண்களுக்கு ஒரு சபை உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று மாசாமாசம் பணம் கட்டுகிறார்கள். சாவு விழுந்தால் பந்தல், பெட்டி, குழி எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடலுக்குப் போக வேண்டியவர்கள் போகவில்லை. நாலு பேர் தூக்க, அடுத்த நாலு பேர் பின்னாலேயே நடந்து, தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். "ஐயா, வெயில்ல நிக்கியளே, இப்படித் திண்ணையில இருங்க" என்று சொல்லி, மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். அந்தக் காப்பி என் மனச்சாட்சிக்குள்ளே இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திர வகுப்பு நோட்டில் நான் எழுதி வைத்திருந்தது இது: "சீர்திருத்தத்துக்கு முன் இருண்ட காலம். ஜனங்கள் குருமாருக்கு அடிமைகள். வெளிச்சம் வந்தவுடன் வெளியே ஓடி வந்தார்கள்." மூன்று வரி. அவ்வளவுதான் பரீட்சைக்கு. ஊருக்குத் திரும்பி வந்தபின் அந்த மூன்று வரி எனக்குப் போதவில்லை. தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்தக் கடற்கரைக்கே வருவோம். பரதவர் ஜனங்கள் முத்துக் குளிக்கிறவர்கள். முத்துக் குளிப்பு உரிமையிலே மற்றவர்களோடு பெரிய சண்டை வந்து, உயிர்ச்சேதம் வரை போய்விட்டது. அப்போது ஜுவான் தெ குருஸ் என்ற ஒரு கிறிஸ்தவ வியாபாரி, போர்ச்சுகீசியரிடம் போங்கள் என்று யோசனை சொன்னார். 1535-ல் அவர்களுடைய பெரியவர்கள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 1537 வருஷங்களில் கடற்கரை முழுக்க ஞானஸ்நானம் நடந்தது. ஏறக்குறைய 20,000 பேர் என்று சொல்லுவார்கள். இன்றைக்கும் அந்த ஜனங்களுக்குள்ளே பெர்னாந்து, கோமஸ், மச்சாடோ, ரொட்ரிகோ என்று பேர் இருப்பது அந்த நாளில் ஒட்டிக்கொண்டதுதான்.

அவர்கள் இரட்சிப்பைத் தேடிப் போகவில்லை பாஸ்டர், கப்பற்படையைத் தேடிப் போனார்கள் என்று சொல்லத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. பிறகு ஆவியானவர் என்னைக் கேட்டார்: உன் சபைக்கு ஜனங்கள் முதல் நாள் எதற்கு வந்தார்கள்? கடன், குடிகாரப் புருஷன், பில்லிசூனிய பயம், ஆஸ்பத்திரியில் கைவிட்ட கேஸ். நானே ஒரு மஞ்சள்காமாலையில் வந்தவன்தான். வந்த காரணத்தை விடுங்கள். வந்தபிறகு என்ன கொடுத்தோம் என்பதே கேள்வி.

அவர்களுக்கு ஐந்து வருஷம் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து விசாரித்தபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மனுஷன் தமிழ் தெரிந்தவர்களை உட்கார வைத்து, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கற்பனை, தங்கள் மரியாள் ஜெபம் எல்லாவற்றையும் தமிழில் ஆக்கி, தானே மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய் ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். கற்றுக்கொண்ட பிள்ளைகள் வீட்டில் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாராவது வியாதியாய்க் கிடந்தால் அந்த வீட்டுக்குப் பிள்ளைகளையே அனுப்பி, விசுவாசப் பிரமாணம் சொல்ல வைத்தார். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, கவனிக்கிறீர்களா? மைக் இல்லை, கீபோர்டு இல்லை.

1544-ல் வடுகர் படை குமரி முனைப் பக்கம் வந்து கொள்ளையிட்டபோது, ஜனங்கள் கடல் பாறைகளில் ஏறி, வெயிலில் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து தோணிகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. அப்புறம் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். உபதேசத்தில் அவரோடு எனக்கு ஆயிரம் வித்தியாசம் இருக்கட்டும். நான் அந்தத் தோணியில் ஏறியிருப்பேனா?

அவருக்குப் பின்னாலே வந்த அன்றீக்கு என்ற அன்றிக்கஸ் அடிகள் தமிழை நன்றாய்க் கற்றார். புன்னைக்காயலில் ஆஸ்பத்திரி வைத்தார், அந்த ஜனங்களே பணம் போட்டார்கள். அச்சு எழுத்து வார்க்கவும் அவர்கள் கொடுத்தார்கள். 1578-ல் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்கப் புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாகி வந்தது. இந்திய மொழி எழுத்துகளில் முதலில் அச்சேறியது நம் தமிழ், அதற்குக் காசு கொடுத்தது முத்துக் குளித்த கை. அடுத்த வருஷம் இன்னொரு உபதேசப் புத்தகம். 1580-ல் பாவசங்கீர்த்தனம் பண்ணுவதற்கு ஒரு புத்தகம். 1586-ல் பரிசுத்தவான்களின் சரித்திரம், "அடியார் வரலாறு", பெரிய புத்தகம்.

இங்கேதான் நிறுத்தி யோசியுங்கள். தமிழில் அச்சு இருந்தது, எழுத்து இருந்தது, பணம் இருந்தது, மொழி தெரிந்த மனுஷன் இருந்தார். புதிய ஏற்பாடு வந்ததா? வரவில்லை. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சடித்து 1715-ல் முடிக்கும் வரைக்கும் தமிழனுக்கு முழுப் புதிய ஏற்பாடு அச்சில் இல்லை. அடியார் வரலாற்றிலிருந்து எண்ணினால் 129 வருஷம்!

இது நம் கடற்கரைக்கு மட்டும் நடந்த காரியம் அல்ல. அதே காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். இன்றைக்கு நாம் இங்கிலாந்து என்றால் மிஷனெரிகளை அனுப்பின தேசம் என்று நினைக்கிறோம். 500 வருஷத்துக்கு முன்னால் அது நம்ம கடற்கரை போலவே முழுக்க முழுக்கக் கத்தோலிக்க தேசம். பிறந்தால் கோவில், விதைத்தால் கோவில், செத்தால் கோவில். லத்தீனில் பூசை. 1476-ல் காக்ஸ்டன் அங்கே அச்சுக்கூடம் வைத்தார். 1483-ல் அவர் பரிசுத்தவான்களின் சரித்திரத்தை இங்கிலீஷில் அச்சிட்டார். வேதாகமத்தை அச்சிடவில்லை. 1409-லேயே, பிஷப்பின் அனுமதியில்லாமல் வேதத்தை இங்கிலீஷில் மொழிபெயர்க்கக் கூடாது, அப்படி மொழிபெயர்த்ததை வாசிக்கவும் கூடாது என்று சட்டம் போட்டாயிற்று. வில்லியம் டின்டேல் ஜெர்மனிக்கு ஓடிப்போய் 1526-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, திருட்டுத்தனமாய் அனுப்ப வேண்டியதாயிற்று. 1536 அக்டோபரில் அவரைக் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். நம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்த அதே நாட்கள்!

இது மட்டும் சொல்லி முடித்தால் என் பழைய நோட்டு சரி என்று ஆகிவிடும். ஆனால் அந்த தேசத்தில் மோர்பாத் என்று ஒரு சின்ன ஊர், மேற்கே டெவன் ஜில்லாவில், மலையடிவாரத்தில். 33 குடும்பம். அந்த ஊர்க் கோவிலின் கணக்கு நோட்டு இன்றைக்கும் இருக்கிறது. ஈமன் டஃபி என்ற சரித்திர ஆசிரியர் அதை வைத்து 2001-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கத்தோலிக்கர்தான், ஆனால் கணக்கு நோட்டுக்கு மதம் கிடையாது. 1520-ல் அந்த ஊருக்கு வந்து 1574-ல் சாகும்வரை 54 வருஷம் இருந்த கிறிஸ்டபர் ட்ரைக்கி என்ற குருவானவரின் கையெழுத்து அது.

நம்ம கொங்கு நாட்டு ஜனங்களுக்கு இது சுலபமாய்ப் புரியும். அந்தக் கோவிலுக்கு ஆடுகள் உண்டு. மாதாவுக்கு இத்தனை ஆடு, இன்ன பரிசுத்தவானுக்கு இத்தனை ஆடு என்று. தனிப் பட்டி கிடையாது. ஊரார் தங்கள் ஆட்டோடு சாமி ஆட்டையும் சேர்த்து மேய்ப்பார்கள். அந்தக் கம்பளி விற்ற காசில் மெழுகுவர்த்தி எரியும். வாலிபப் பையன்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி, அதற்குப் பொறுப்பாளர்கள் அவர்களே. வருஷத்துக்கு ஒருதரம் ஊர் முன்னாலே கணக்கை வாசிக்க வேண்டும். ஏழை பணக்காரன் எல்லாரும் ஏதோ ஒரு வருஷம் பொறுப்பில் வந்தே ஆக வேண்டும்.

அந்தக் குருவானவருக்கு ஒரு ஆசை. அடக்க ஆராதனைக்கு உடுத்த நல்ல கறுப்பு அங்கி ஒன்று வேண்டும், ஏழை செத்தாலும் மரியாதையாய் அனுப்ப வேண்டும். சின்ன ஊர், பணம் இல்லை. கம்பளிக் காசை 20 வருஷம் சேர்த்தார்கள். 1547-ல் அங்கி வந்து சேர்ந்தது. அதே வருஷம் ராஜா எட்டாம் ஹென்றி இறந்து, அவர் மகன் காலத்து அரசாங்கம் பழைய ஆராதனை எல்லாவற்றையும் எடுக்க ஆரம்பித்தது. சுரூபங்கள் இறங்கின, விளக்குகள் அணைந்தன, ஆடுகளும் போயின. மரித்தவர்களுக்கான பூசையும் 1549-க்குள் நின்றுபோனது. அந்த வருஷம் புதிய ஜெபப் புத்தகத்தை எதிர்த்து மேற்கே கலகம் எழும்பினபோது, இந்த 33 வீட்டு ஊர் ஐந்து வாலிபரைத் தயார்பண்ணி அனுப்பியது. கலகம் நசுக்கப்பட்டது.

வெளிச்சம் வந்தவுடன் ஓடி வந்தார்கள் என்று எழுதினேனே, எங்கே ஓடி வந்தார்கள்? அழுதுகொண்டு நின்றார்கள். பெற்ற தாயின் வீட்டு வாசலில் நிற்கிற மகளைப் போல.

நம் கடற்கரையிலும் அப்படியே. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் நம்மைப் போல சீர்திருத்தக் கூட்டம். பால்தேயுஸ் என்ற போதகர் வந்து பரதவரைத் திருப்பப் பார்த்தார். நடக்கவில்லை. அதிகாரம் டச்சுக்காரர் கையில், முத்து வியாபாரம் அவர்கள் கையில், ஆனாலும் அந்த ஜனங்கள் அசையவில்லை. நான் இதை வாசித்தபோது என் நோட்டில் எழுதிக்கொண்டேன்: பால்தேயுஸிடம் சரியான உபதேசம் இருந்தது. ஆனால் அவருடைய ஆட்கள் எவனாவது பரதவன் பாடையைத் தூக்கினானா?

இப்போது வேதத்துக்கு வாருங்கள். 2 இராஜாக்கள் 22. யோசியா காலத்தில் தேவாலயத்தைப் பழுதுபார்க்கிறார்கள். தச்சர் உண்டு, கொத்தர் உண்டு, கல் உண்டு, மரம் உண்டு. பணம் கொடுத்தார்கள், ஆனால் வேலைக்காரரிடம் கணக்கே கேட்கவில்லை, அவ்வளவு உண்மையாய் நடந்தார்கள் என்று ஏழாம் வசனத்தில் இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே பிரதான ஆசாரியன் சொல்லுகிறான், நியாயப்பிரமாண புஸ்தகத்தை ஆலயத்திலே கண்டுபிடித்தேன் என்று. கண்டுபிடித்தானாம்! அது எங்கேயும் போகவில்லை. ஆலயத்துக்குள்ளேதான் கிடந்தது. உண்மையுள்ள கைகள், நேர்மையான கணக்கு, நடுவிலே வாசிக்கப்படாத புஸ்தகம். ராஜா அதைக் கேட்டவுடனே வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான்.

மோர்பாத்தையும் புன்னைக்காயலையும் வாசிக்கும்போது எனக்கு இந்த அதிகாரம்தான் ஞாபகம் வருகிறது. புஸ்தகம் இல்லாத இடத்தில் பயம் புகுந்துகொண்டது என்பது உண்மை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் என் தகப்பன் எத்தனை வருஷம் வேகிறாரோ என்று, இருக்கிறவன் ஆயிரம் பூசைக்கு எழுதி வைத்தான், இல்லாதவன் ஏங்கினான். இதை நாம் ஒருபோதும் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரே மத்தியஸ்தர் என்று 1 தீமோத்தேயு 2:5 இருக்கிறது. இதில் நான் ஒரு அடி பின்வாங்கமாட்டேன்.

ஆனால் நியாயமாய்ப் பேச வேண்டும். இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அவர்கள் பூசை தமிழில் நடக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் அவர்களும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்தது. அந்தச் சாவு வீட்டு அலமாரியிலும் வேதம் இருந்தது, ஓரம் மடங்கி, வாசித்த வேதமாய் இருந்தது. நம்ம பக்கத்துக் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா தேருக்கு அக்டோபரில் ஜனம் நடந்து போவதைப் பார்த்து மேட்டுப்பாளையம் ரோட்டிலே நின்று கேலி பேசுகிறோமே, அதில் எத்தனை பேர் வேதம் வாசிக்கிறவன் என்று நமக்குத் தெரியுமா?

அப்போஸ்தலர் 8:2-ஐ நாம் பிரசங்கம் பண்ணுவதே இல்லை. ஸ்தேவானின் முகப் பிரகாசத்தைப் பிரசங்கிப்போம், வானம் திறந்ததைப் பிரசங்கிப்போம். அவனை எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் பண்ணினது யார்? தேவபக்தியுள்ள சில மனுஷர். பேர்கூட இல்லை. சவுல் வீடு வீடாய்ப் புகுந்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிடிபடுவோம் என்று தெரிந்தும் தூக்கினார்கள்.

போன ஐப்பசி மழையில் நம் சபையில் ஒரு வயதான சகோதரர் நித்திரையடைந்தார். வாட்ச்மேன் வேலை பார்த்தவர். விசுவாசத்தினிமித்தம் சொந்தக்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள், ஒருவரும் வரவில்லை. நம் சபையில் ஆராதனைக்கு நூற்றுக்குமேல் வருகிறோம். அன்றைக்கு வந்த ஆண்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் அறுபது தாண்டியவர்கள். ஒருவருக்கு டூட்டி, ஒருவருக்குப் பிள்ளை டியூஷன், ஒருவர் மழை விட்டதும் வருகிறேன் என்றார். வெள்ளக்கிணறு போகிற பாதையில் சேறு. கடைசியில் வேன் டிரைவரும் குழி வெட்டினவரும் பெட்டிக்கு ஒரு கை கொடுத்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள் அல்ல. நான் முன்னாலே வேதத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

திரும்பி வரும்போது நம் மூத்த அம்மா ஒருவர், எழுதப்படிக்கத் தெரியாதவர்கள், என்னிடம் கேட்டார்கள்: "ஏனுங் பாஸ்டர், ஞாயித்துக்கெழம கை தட்டறதுக்கு அத்தன பேரு வர்றோம்ங்க. தூக்கறதுக்கு நாலு பேரு இல்லீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. மேலே எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வாசித்து, முழங்காலில் இருந்து யோசித்ததுதான். அந்தக் கடற்கரைச் சகோதரியிடம் போன மாத உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் உங்களை நிற்க விடாதது என் தப்பு" என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் முடிந்து போகும்போது, "அம்மாவுக்கு வருஷா வருஷம் கல்லறையில பூ வைப்பாங்க பாஸ்டர், இந்த நவம்பர்ல போயி நின்னுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார்கள். போய்விட்டு வாருங்கள், நானும் வருகிறேன் என்றேன். சில சகோதரர்களுக்கு இதில் வருத்தம் என்று தெரியும். என்னிடம் நேரே வந்து பேசுங்கள், வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

வருகிற ஞாயிறு முதல் ஆராதனை ஹாலில் டிரம் இருக்கிற பக்கத்து மேஜையில் ஒரு நோட்டு இருக்கும். நாலு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கம் தூக்க வருகிறவர்கள், இரவு பகல் எந்த நேரமானாலும். இரண்டாவது, குழி வெட்ட, பந்தல் போட. மூன்றாவது, துக்க வீட்டுக்கு மூன்று நாள் சமைத்துக் கொடுக்க. நாலாவது, படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு வாரம் ஒருநாள் போய் வேதம் வாசித்துக் காட்ட. இதற்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பேர் கொடுக்கலாம். மாசம் ஐம்பது ரூபாய் வீட்டுக்கு, முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். கணக்கை வருஷத்துக்கு ஒருதரம் சபை முன்னாலே வாசிப்போம். கடப்பாரை ஒன்றும் மண்வெட்டி இரண்டும் ஏற்கெனவே வாங்கி, ஹாலுக்குப் பின்னாலே வைத்திருக்கிறது.

மூன்றாவது பக்கத்தில் ஒரு பேர் விழுந்துவிட்டது. கடற்கரைச் சகோதரியின் பேர். முதல் பக்கம் இதை எழுதுகிற நேரம் வரைக்கும் காலியாய் இருக்கிறது, என் பேரைத் தவிர.